டூரிங் கொட்டகையில் வந்த பயம்

மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டராக இருந்தேன். யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, திருப்பரங்குன்றம் போகிற வழியில் ஒரு படக் கம்பெனி வந்து படம் எடுக்கக் கொட்டகை போட்டது. அதுவரை அந்த இடம் நிலக்கடலைக் காடு. கம்பு சுற்றவும் கயிறு பிடித்து ஏறவும் உயரத்திலிருந்து கை கால் முறியாமல் விழவும் தெரிந்த ஒரு ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டான். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி ஆள் பள்ளிக்கூட மைதானத்துக்கே வந்து என்னை ஒரு மரத்தில் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டு, “முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை சார், பாதி முகத்தை மறைக்கத்தான் போறோம்” என்றார். ஹெட்மாஸ்டர் ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில், பள்ளிக்கூடத்தின் பெயர் எந்த நோட்டீசிலும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு கோடை விடுமுறையில் நடிக்க அனுமதி கொடுத்தார்.

கதை இதுதான். ஒரு நாட்டில் கெட்ட மந்திரி ஒருவன். ஏழை எளியவர்கள் அவனிடம் படாத பாடு படுகிறார்கள். அவர்களுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் கறுப்பு முகமூடியும் கறுப்பு அங்கியும் போட்ட ஒருவன் எங்கிருந்தோ வந்து குதிப்பான். அவனுக்கு ஒரு சித்தர் கொடுத்த வரம் உண்டு. எந்த ஆயுதமும் அவனைக் கொல்லாது. பீரங்கிக் குண்டு பட்டாலும் அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பான். அந்த முகமூடிக்காரன் நான்.

குதிரைக்குக் கம்பெனியில் வசதி இல்லை. ரயிலடியிலிருந்து ஒரு ஜட்காக் குதிரையை வாடகைக்குக் கொண்டு வந்தார்கள். நல்ல குதிரைதான். ஆனால் சவுக்குச் சத்தம் கேட்டால் போதும், மந்திரியின் கோட்டையை விட்டுவிட்டு மதுரை ஜங்ஷனைப் பார்த்து ஓடும். படத்தில் நான் எதிரிகளைத் துரத்துகிற காட்சி முழுவதும் ஒரே பக்கமாகப் போவதற்குக் காரணம் அதுதான்.

படம் நன்றாக ஓடியது. எனக்குப் பெயரே மாறிப்போயிற்று. ஜட்காக்காரர்கள் “வீரண்ணே” என்று கூப்பிட்டார்கள். காய்கறிக்காரம்மா கூடக் கொஞ்சம் கத்தரிக்காயை அள்ளிப் போட்டாள். நாங்கள் அப்போது ஆரப்பாளையத்தில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் தோட்டமும் வயலும்தான். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம் பார்த்து, தூக்கத்தில் பயந்து அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்து நிற்பார்கள். வீரன் கையால் திருநீறு பூசினால் பயம் தெளியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நானும் பூசிவிட்டேன். என் மனைவி உள்ளே நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பாள்.

அவள் என் மாமன் மகள். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தடுத்த காடு. சின்ன வயதிலிருந்தே என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். ஊர் முழுக்க என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் அவளுக்கு நான் கிணற்று மேட்டில் வேட்டி அவிழ ஓடிய மச்சான்தான்.

ஊருக்குள் படம் ஓடிக்கொண்டிருந்தபோது கூச்சப்பட்டுக்கொண்டு நான் தியேட்டர் பக்கமே போகவில்லை. பிறகு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு டூரிங் கொட்டகைக்காரர் படத்தை வாங்கிப் போட்டார். அவர் நேரிலேயே வந்து எங்கள் இருவரையும் அழைத்தார். வண்டி அனுப்பினார். கொட்டகையில் பெண்களுக்குத் தனிப் பக்கம் உண்டு என்றாலும், எங்களுக்கு மட்டும் பின்னால் இரண்டு நாற்காலிகள் போட்டு ஒன்றாக உட்கார வைத்தார். முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த கூட்டம் திரும்பித் திரும்பி எங்களையே பார்த்தது. என் மனைவி புதுச் சேலை கட்டியிருந்தாள்.

ரீல் மாற்றுவதற்காக விளக்குப் போடும்போதெல்லாம் முறுக்குக்காரனும் கலர் சோடாக்காரனும் சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள். அப்படி ஒரு விளக்கு அணைந்து படம் மறுபடி ஆரம்பித்தபோது, பீரங்கிக் காட்சி வந்தது. திரையில் புகை. புகை விலகியதும் நான் எழுந்து நிற்கிறேன். கொட்டகை முழுக்க விசில் பறந்தது. முகமூடிக்காரன் கையை உயர்த்தி, தனக்குச் சாவு இல்லை என்று வசனம் பேசினான். அது என் குரல்தான்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அங்கே நிற்கிறவனுக்குச் சாவில்லை, இங்கே உட்கார்ந்திருக்கிற எனக்கு உண்டு. இவ்வளவுதான். வெகு சாதாரணமான எண்ணம். ஆனால் அது வந்த மாத்திரத்தில் என் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடி வந்தாலும் அப்படி அடிக்காது. மூச்சு பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. விரல்கள் சில்லிட்டு மரத்தன. இதோ, இப்போதே, இந்த நாற்காலியிலேயே நான் போய்விடப் போகிறேன் என்று அவ்வளவு நிச்சயமாகத் தோன்றியது. எழுந்து வெளியே போய்விட்டேன். என் மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். உள்ளே ஒரே புழுக்கம், அதுதான் என்று சொன்னேன். கொட்டகைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார். படம் முடிவதற்குள் நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

புழுக்கம் என்று அவளிடம் சொன்ன பொய்யை நானே நம்பிக்கொண்டேன். ஆனால் அது மறுபடி வந்தது. பஸ்ஸில் வந்தது. நாவிதர் கழுத்தில் துணியைச் சுற்றிக் கட்டும்போது வந்தது. ஒரு நாள் வைகைப் பாலத்தின் நடுவில் வந்தது. கீழே ஆற்று மணலில் வேட்டி சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆற்றைப் பார்ப்பவன் போல நின்றேன். போகிறவர் ஒருவர், “வீரண்ணே, இங்கேருந்து குதிக்கப் போறீகளா?” என்று சிரித்துக்கொண்டு கேட்டார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பாலத்துப் பக்கம் போவதை விட்டேன். பஸ்ஸை விட்டேன். இரவில் கண்ணை மூடினால் நெஞ்சின் துடிப்பு தலையணையில் கேட்கும். அது நின்றுவிடுகிறதா என்று கவனித்துக்கொண்டே படுத்திருப்பேன். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் நல்லவர். முதுகிலும் நெஞ்சிலும் குழாயை வைத்துப் பொறுமையாகக் கேட்டார். “மாஸ்டர், உங்க நெஞ்சு காளை மாட்டு நெஞ்சு, ஒரு குறையும் இல்ல” என்றார். பிறகு, மனதில் ஏதும் கவலை உண்டா என்று விசாரித்தார். கிடையாது என்று சொன்னேன். ஊரே வீரன் என்கிற ஒருவன் அவரிடம் எதைச் சொல்வது? காரணம் இல்லாமல் பயமாக இருக்கிறது என்றா? அவர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். கசப்பாக இருந்தது. தவறாமல் குடித்தேன்.

எதிரி வெளியே இருந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை. கம்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். இவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. வயிற்றுக்குள் இருப்பது போல இருக்கும், தேடினால் அங்கே இருக்க மாட்டான். என் குரலிலேயே என்னிடம் பேசினான். அதுதான் மோசம். இன்றைக்குத்தான் கடைசி என்று அவன் சொல்வது நானே எனக்குச் சொல்வது போலவே இருக்கும்.

இதற்கிடையில் கம்பெனி இரண்டாவது படத்தைத் தொடங்கியிருந்தது. மறுபடியும் அதே முகமூடிக்காரன். சனி ஞாயிறுகளில் மட்டும் நடிக்க ஹெட்மாஸ்டர் அனுமதி கொடுத்திருந்தார். இந்த முறை மூங்கிலாலும் சாந்தாலும் பெரிய கோட்டைச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அதன் உச்சியிலிருந்து நான் குதிக்க வேண்டும். கீழே கண்ணுக்குத் தெரியாமல் வைக்கோல் போர் போட்டு வைப்பார்கள். முன்பு என்றால் அதெல்லாம் எனக்கு விளையாட்டு. இப்போது கணுக்கால் சுளுக்கு என்றும் காய்ச்சல் என்றும் சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் தெருவில் பால் ஊற்றுகிற கோனாரின் கன்றுக்குட்டி பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டது. கூப்பிடுவதற்கு அவர்களுக்கு என்னைத் தவிர வேறு யார் தோன்றும்? ஓடினேன். பெரிய இறவைக் கிணறு. தண்ணீர் ஆழத்தில் கிடந்தது. கன்று மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு கத்தியது. பசு மேலே நின்று கத்தியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் போய் நின்றேன். கீழே பார்த்தேன். அவன் வந்துவிட்டான். கால் அசையவில்லை.

தெருக்காரர்கள் நான் யோசனை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார்கள். கடைசியில் தோட்டக்காரர், “அண்ணே, நான் எறங்குறேன், நீங்க மேலேருந்து இழுங்க. உங்க தெம்பு மேலதான வேணும்” என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கன்றின் வயிற்றில் கயிறு கட்டினார். நான் இழுத்தேன். கயிறு கையில் வந்த பிறகு எனக்கு உயிர் வந்தது. ஒரே ஆளாக நின்று இழுத்து மேலே போட்டேன். எல்லோரும் என் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள். இறங்கின தோட்டக்காரரை யாரும் பார்க்கவில்லை. அவரும் என்னைத்தான் புகழ்ந்தார். கோனார் சம்சாரம் கன்றைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கூட்டத்தின் ஓரத்தில் என் மனைவி நின்றிருந்தாள். அவள் கன்றையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கயிறு அறுத்த உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். தடவிக்கொண்டே, என் நெஞ்சுக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

“ஒண்ணுமில்லாதவுக எதுக்கு எந்நேரமும் மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டே இருக்கீக? நான் மொதல்ல, கைக்கடியாரம் வாங்க ஆசைப்படுறாக போலன்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவன் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று தெரியாது. மடியில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தை அவள் தள்ளி வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகையில் நடந்தது, பாலத்தில் நின்றது, ஆஸ்பத்திரி, டானிக், கிணற்று விளிம்பு. சொல்லச் சொல்ல, இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் அவள் பயந்துபோவாள் என்று நான் இத்தனை நாள் நினைத்தது எவ்வளவு தப்பு என்று புரிந்தது. அவள் பயப்படவில்லை. என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இம்புட்டையும் தனியாவா வச்சுக்கிட்டுத் திரிஞ்சீக?” என்று மட்டும் கேட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, என் அப்பா இறந்தபோது அவருக்கு என்ன வயது என்று விசாரித்தாள். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். என் வயதுதான். இந்தப் பேச்சு நடந்த வருஷம் எனக்கு என்ன வயதோ, அதேதான்.

அப்பா கிணற்றில் தண்ணீர் இறைக்க மாடு பூட்டிக் கமலை ஓட்டிக்கொண்டிருந்தபோது போனார். மாடுகளை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அப்போது மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். தகவல் வந்து, நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. கொள்ளி வைத்தேன். வந்தவர்களைக் கவனித்தேன். அம்மாவைத் தேற்றினேன். ‘கல்லு மாதிரி நிக்கிறான் பாரு’ என்று உறவுக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு நான் அழவே இல்லை. அப்பாவைப் பற்றி அதிகமாக நினைத்ததும் இல்லை. நினைக்காமல் இருப்பதுதான் தைரியம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

“மாமா தண்ணி கேட்டப்ப எங்கப்பாதான் ஓடுனாரு. அந்தச் செம்ப எங்கம்மா ரொம்ப நாளைக்கி யாருக்கும் குடுக்கல” என்றாள் என் மனைவி. அவளுக்கு அதெல்லாம் நினைவிருந்தது. அவள் அங்கே இருந்தவள். அப்பா அன்று காலையில் என்ன சாப்பிட்டார், மாடுகளை எப்படி அதட்டினார், கடைசியாக யாரைப் பார்த்து என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாததை எல்லாம் அன்று சொன்னாள். கம்மங்கூழும் மோர் மிளகாயும் சாப்பிட்டாராம். மிளகாய் நன்றாக வறுபட்டிருக்கிறது என்று பாராட்டினாராம். மதியச் சோறு ஆறிப்போகிற வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாள் கழித்து அவள் ஒரு விஷயத்தை ஆரம்பித்தாள். ஊரில் எல்லோரும் பார்த்த படத்தின் முடிவு தனக்கு மட்டும் தெரியாதாம். தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் யாராவது கேட்டால் வெட்கமாக இருக்கிறதாம். படம் இப்போது திருப்பரங்குன்றத்தில் ஒரு கொட்டகையில் ஓடுகிறதாம். அவள் எதற்காகச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. முடியாது என்றேன்.

“வந்தா வரட்டும் மச்சான். நானுந்தான் பாக்குறேனே, அது என்ன செய்யிதுன்னு.”

பஸ் வேண்டாம் என்று ஜட்காவில் போனோம். நான் யாருக்கும் தெரியாமல் இருக்கத் துண்டைத் தலையில் முக்காடு போல் போட்டுக்கொண்டு தரை டிக்கெட் வாங்கினேன். இங்கே நாற்காலி உபசாரம் கிடையாது. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு மண் சுவர் ஒன்று. அவள் அந்தப் பக்கம் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கம் சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டால் ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. படம் ஆரம்பித்துக் கொட்டகை இருண்டதும், சுவருக்கு மேலே அவள் கை வந்தது. நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பீரங்கிக் காட்சிக்கு முன்பே அவன் வந்துவிட்டான். வருகிறான் என்பது முதலில் உள்ளங்கால்களில்தான் தெரியும். பிறகு வயிறு, பிறகு நெஞ்சு. புகை விலகியது. திரையில் நான் எழுந்து நின்றேன். விசில். முகமூடிக்காரன் கையை உயர்த்தினான். எனக்கு மூச்சு அடைத்தது. வாசல் எந்தப் பக்கம் என்று கண் தேடியது. ஓடு, ஓடு என்று உள்ளே ஒரே கூச்சல். அவள் கையை நான் நசுக்கியிருக்க வேண்டும். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. கட்டை விரலால் என் விரல் முட்டியை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. சண்டை போடவில்லை, சமாதானம் சொல்லவில்லை. போய்விடப் போகிறேன் என்றால் இங்கேயே போகிறேன், இவள் கை பிடித்திருக்கும்போதே போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்தது. இன்னும் வேகமாக அடித்தது. அதற்கு மேல் அதற்கு வேகம் இல்லை போலிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. காய்ச்சல் விடும்போது வேர்ப்பது போல உடம்பெல்லாம் வேர்த்தது. ரீல் தீர்ந்து விளக்குப் போட்டார்கள். கைகளை எடுத்துக்கொண்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் முறுக்கு கடிக்கிற சத்தம் கேட்டது. அவள்தான்.

அடுத்த ரீலிலும் அவன் ஒரு தடவை வந்தான். அவ்வளவு பெரிதாக இல்லை. முகமூடிக்காரன் மந்திரியைப் பிடித்து ராஜாவிடம் ஒப்படைத்துவிட்டு, யாருக்கும் முகத்தைக் காட்டாமல் குதிரையில் போனான். ஜங்ஷனை நோக்கித்தான். வெளியே வந்ததும் அவள் முடிவு பிடிக்கவில்லை என்றாள். கடைசி வரைக்கும் யார் என்று சொல்லாமலே போகிறானே, அவன் வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருக்க மாட்டாளா என்றாள்.

அந்த வாரமே கம்பெனிக்குப் போய் டைரக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கும்பகோணத்துக்காரர். கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். சுளுக்கும் இல்லை காய்ச்சலும் இல்லை, பயம் என்று சொன்னேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வேறு ஆளுக்கு முகமூடி போட்டுக் குதிக்க வைக்கட்டுமா என்று தணிந்த குரலில் கேட்டார். முகமூடிதானே, யார் என்று தெரியவா போகிறது என்றார். வேண்டாம், நானே குதிக்கிறேன், ஆனால் மேலே ஏறின பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும், கீழேயிருந்து யாரும் சத்தம் போடக்கூடாது என்றேன்.

“வெயில் இருக்கற வரைக்கும் உம்ம நேரம்தான்” என்றார் அவர். சொன்னபடியே நடந்துகொண்டார்.

குதிக்கிற அன்று என் மனைவியும் வந்திருந்தாள். கூட்டத்தில் நடிக்க வந்த பெண்களோடு வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்பக்கத்து ஏணியில் ஏறினேன். முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே சுட்டது. உச்சியில் போய் நின்றதும் அவன் வந்தான். வராமல் இருப்பான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. முகமூடியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரின் மேலேயே உட்கார்ந்தேன்.

அங்கிருந்து குன்றம் முழுசாகத் தெரிந்தது. கண்மாயில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கண்மாய்க்குக் கீழே நடவு நடந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தில் திருமங்கலம் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் எங்கோ கமலை இறைக்கிறவன் மாட்டை அதட்டுகிற குரல் கேட்டது. அல்லது கேட்டது போல எனக்குத் தோன்றியிருக்கலாம். அப்பாவை நினைத்தேன். தானாக வந்த நினைப்பு இல்லை, நானாகக் கூப்பிட்டு நினைத்தேன். மோர் மிளகாயைப் பாராட்டிய அப்பா. கிணற்று மேட்டில் உட்கார்ந்த அப்பா. அவருக்கு அப்போது என்ன பயம் இருந்திருக்கும், யாரைத் தேடியிருப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் நான் இல்லை. நான் இருந்திருந்தாலும் தண்ணீர் கொண்டு வரத்தான் ஓடியிருப்பேன்.

நானும் ஒரு நாள் அப்படிப் போகலாம் என்று அவன் சொன்னான். ஆமாம், போகலாம் என்று சொன்னேன். இன்றைக்கே போகலாம் என்றான். இன்றைக்கும் இருக்கலாம் என்றேன். அதற்கு மேல் அவனிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது. அழுதேன். முகமூடியாலேயே முகத்தைத் துடைத்தேன். கீழே ஒருவரும் வாய் திறக்கவில்லை. காமிராக்காரர் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வேப்ப மரத்தடியில் என் மனைவி எழுந்து நின்றிருந்தாள். கையை ஆட்டவில்லை. நிழலை விட்டு வெயிலுக்கு வந்து, நான் பார்த்தால் தெரிகிற இடத்தில் நின்றாள்.

முகமூடியைக் கட்டிக்கொண்டு டைரக்டருக்குக் கையைக் காட்டினேன். குதித்தேன்.

பயம் போன பிறகு குதித்தேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. அவனும் என்னோடுதான் குதித்தான். வைக்கோலில் விழுந்து புதைந்து மேலே வந்தபோது கம்பெனி ஆட்கள் கை தட்டினார்கள். டைரக்டர் என் முதுகில் ஒரு அறை அறைந்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போனார். என் மனைவி வந்து தலையிலும் அங்கியிலும் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“வந்துச்சா?” என்று கேட்டாள்.

“வந்துச்சு புள்ள.”

“இப்ப இருக்கா?”

நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். இருந்தது, ஆனால் கிளம்பிப் போகிறவன் மாதிரி இருந்தது. அதை அப்படியே சொன்னேன். போகட்டும் என்று சொல்லிவிட்டுக் காதுக்குள் இருந்த வைக்கோலை எடுத்தாள்.

அந்தப் படம் வெளிவரவில்லை. பாதி முடிந்திருந்தபோது யுத்தம் வந்தது. பிலிம் கிடைக்கவில்லை என்றார்கள். பணம் போட்டவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். கோட்டைச் சுவர் இரண்டு மழைக்குக் கரைந்து மூங்கில் மட்டும் நின்றது. பிறகு மூங்கிலும் காணாமல் போயிற்று. எடுத்த பிலிம் சுருள்கள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் டிரில் எடுத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக ஜட்காக்காரர்கள் என்னை வாத்தியாரே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. பஸ்ஸில் மறுபடி ஏறினேன், பாலத்தைத் தாண்டினேன். சில சமயம் ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது வரும், சில சமயம் காரணமே இல்லாமல் காலை நேரத்தில் வரும். அவள் பக்கத்தில் இருந்தால் நான் சொல்வதற்கு முன்பே தெரிந்துகொள்வாள். பேச்சை நிறுத்தாமலே என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, பருப்பு விலையைப் பற்றியோ பிறகு பிறந்த எங்கள் மகளின் இருமலைப் பற்றியோ மேற்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். அப்பாவின் வயதைத் தாண்டிய வருஷம் அவள் எனக்கு மோர் மிளகாய் வறுத்துப் போட்டாள்.

வெளிவராத அந்தப் படத்தை அவள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக் காட்டுவாள். கதையெல்லாம் சொல்ல மாட்டாள், அந்தக் குதிப்பை மட்டும்தான் சொல்வாள். ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் உயரும். முதலில் பனை உயரம் இருந்தது. பிறகு கோபுரத்தில் பாதி ஆயிற்று. உள்ளே ஈஸி சேரில் படுத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். திருத்தப் போனதில்லை. கேட்கிற பெண்கள் ஆச்சரியப்பட்டு, அம்புட்டு உயரத்திலிருந்து பயமே இல்லாமல் குதித்தாரா என்று கேட்பார்கள்.

“பயமில்லாமயா? ரொம்பப் பயந்துக்கிட்டுத்தான் குதிச்சாக” என்பாள் அவள், அதுதான் அந்தக் கதையின் பெருமையான இடம் என்பது போல. பெண்கள் அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, அரிசியில் கல் பொறுக்குவதைத் தொடர்வாள்.